வைக்கோல் விலையும் வண்டிச் சத்தமும்

நெல் விளையும் ஊரில் வைக்கோலை விலை கொடுத்து வாங்குவது வெட்கத்திற்குரியது என்று நம் முன்னோர் கருதினர். சேரப்பணஞ்சேரியும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஏரிப் பாசனத்தை நம்பிச் சொர்ணவாரி, சம்பா, நவரை எனப் பட்டந்தோறும் நெல் பயிரிட்டு வந்த பகுதியைச் சேர்ந்தவை. அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு வைக்கோற்போர் எழும். இன்று வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைகளும் மனைப் பிரிவுகளும் எழுந்துள்ளன. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான் மோட்டார் தொழிற்சாலையும் 2012-ல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. நெல் நிலம் சுருங்கிய ஊரில் மாடு வைத்திருப்பவர் வைக்கோலுக்கு வெளியூரை நாட வேண்டியவராகிறார். பாலுக்குக் கிராக்கி இருக்கிறது. தீவனச் செலவு கட்டுப்படியாகாமல் மாட்டை விற்போரும் இருக்கின்றனர். ஆகவே இச்செலவைச் சரியாகக் கணக்கிடும் முறையை இங்கே விளக்க விரும்புகிறோம்.

வைக்கோல் வாங்குவோர் பெரும்பாலும் "கட்டு என்ன விலை?" என்றுதான் கேட்கின்றனர். கட்டு என்பது அளவே அன்று. இயந்திரத்தால் சுருட்டப்படும் சிறு உருளைக் கட்டு 12 கிலோவும் இருக்கலாம். 20 கிலோவும் இருக்கலாம். அந்த எடையிலும் எவ்வளவு வைக்கோல், எவ்வளவு ஈரம் என்பது வேறு கேள்வி. மாட்டிற்கு ஆகாரமாவது ஈரம் நீங்கிய உலர்பொருள் மட்டுமே. நூறு கிலோவில் இருபது கிலோ ஈரமாக இருந்தால், அந்த இருபது கிலோ தண்ணீருக்கும் நாம் வைக்கோல் விலையும் வண்டிச் சத்தமும் கொடுத்தவர்களாகிறோம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். இதிலுள்ள விலைகள் கணக்கை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையை அவ்விடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அண்டை ஊர் வியாபாரி ஒருவர் 15 கிலோக் கட்டை வீட்டு வாசலில் ரூ. 130-க்கு இறக்கித் தருகிறார். ஈரம் நூற்றுக்கு 20 பங்கு. கட்டில் உள்ள உலர்பொருள் 12 கிலோ. எனவே உலர்பொருள் கிலோ ஒன்றுக்கு ரூ. 10.83 ஆகிறது. தஞ்சைப் பக்கத்தில் அதே எடையுள்ள கட்டு வயலில் ரூ. 60-க்குக் கிடைக்கிறது. நன்கு காய்ந்தது; ஈரம் 12 பங்கு. 300 கட்டு ஏற்றிவர லாரிச் சத்தம் ரூ. 18,000, அதாவது கட்டுக்கு ரூ. 60. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி கட்டுக்கு ரூ. 8. ஆக, கட்டு ரூ. 128-க்கு வந்து சேருகிறது. உலர்பொருள் 13.2 கிலோ, கிலோ ரூ. 9.70.

கட்டு விலையில் இரண்டு ரூபாய்தான் வித்தியாசம். உலர்பொருளில் கிலோவுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அப்படியானால் தூரத்து வைக்கோல்தான் இலாபம் என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. அந்த 300 கட்டையும் திறந்த வெளியில் அடுக்கிவைத்து, மழையில் பத்தில் ஒரு பங்கு மக்கிப் போனால் கிலோ ரூ. 10.77 ஆகிவிடும். மிச்சம் என்று நினைத்ததெல்லாம் குப்பைக் குழிக்குப் போய்விட்டது. அதே லாரியில் 200 கட்டு மட்டுமே ஏறியிருந்தால், சத்தம் கட்டுக்கு ரூ. 90 ஆகி, உலர்பொருள் கிலோ ஏறத்தாழ ரூ. 12-ஐத் தொடும். அண்டை ஊர் வைக்கோலே அப்போது மலிவு.

வைக்கோல் வாங்குவதில் சத்தமே பெரிய செலவாவதற்குக் காரணம் அதன் பருமன். நெல்லோ சிமிட்டியோ ஏற்றினால் லாரி எடையால் நிறையும். வைக்கோல் ஏற்றினால் இடத்தால் நிறையும். இயந்திரக் கட்டுகளை அடுக்கினால் ஒரு கனமீட்டரில் சுமார் நூறு கிலோதான் அடங்கும். பிரித்துக் கொட்டிய வைக்கோல் அதில் பாதிகூட இராது. எனவே தொலைவிலிருந்து உதிரி வைக்கோலைக் கொண்டுவருவது ஒருபோதும் கட்டாது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் டிராக்டரில் கொண்டுவர மட்டுமே அது ஏற்றது. நிறைய ஏற்றவேண்டும் என்ற ஆசையில் சட்ட வரம்புக்கு மேல் உயர்த்திக் கட்டுவோரும் உண்டு. மேலே செல்லும் மின்கம்பியில் உரசி வைக்கோல் லாரி தீப்பற்றிய செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம்.

நம் வட்டாரத்திற்கு ஒரு வசதி உண்டு. இங்குள்ள ஆலைகளுக்காகத் தெற்கேயும் மேற்கேயும் லாரிகள் ஓயாமல் சென்று வருகின்றன. மூடிய கண்டெய்னர் வண்டிகள் நமக்கு உதவா. ஆனால் திறந்த லாரி ஒன்று சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிறதென்றால், அதன் சொந்தக்காரர் டீசல் செலவுக்கு மேல் சிறிது கிடைத்தாலே இசைவார். வண்டியை முன்கூட்டிப் பேசிவைப்பவருக்கே இது கைகூடும். தீவனம் தீர்ந்தபின் ஓடுபவர் கேட்ட சத்தத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். மேலும், டெல்டாவின் வைக்கோலுக்குக் கேரளத்துப் பால் பண்ணைக்காரர்களும் போட்டியிடுகின்றனர். காளான் வளர்ப்போரும் வாங்குகின்றனர்.

இனி, எவ்வளவு வாங்குவது? கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் என்று வைத்தால், இரண்டு மாட்டிற்கு ஆண்டுக்கு 4,380 கிலோ. 15 கிலோக் கட்டில் 292 கட்டு. நாம் மேலே சொன்ன ஒரு லாரிப் பாரம் இரண்டு மாட்டுக்காரருக்கு ஓராண்டுத் தீவனம். அவரிடம் அதற்குக் கைமுதலும் இராது, வைக்க இடமும் இராது. ஐந்து வீட்டார் சேர்ந்து பத்து மாட்டிற்கு வாங்கினால் அதே பாரம் 75 நாளில் தீர்ந்துவிடும், மக்குவதற்குள் செலவாகிவிடும். தனியொருவருக்குக் கட்டாத பேரம் ஐவருக்குக் கட்டுவது இதனால்தான்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யத்தக்கது அதிகம். சம்பா அறுவடை தை மாதத்தில் நடைபெறுகிறது. வைக்கோல் மலிவாகவும் காய்ந்தும் கிடைப்பது அதையொட்டிய நாட்களில்தான். ஜனவரி 26 கிராம சபையும் அப்போதே கூடுகிறது. யார் யாருக்கு எத்தனை மாடு, எத்தனை கட்டு வேண்டும் என்ற பட்டியலை அந்தச் சபையிலேயே எழுதிவிடலாம். நவரை வைக்கோலுக்கு மே 1 கிராம சபை ஏற்ற சமயம். ஊரில் பால் கூட்டுறவுச் சங்கம் இருந்தால், பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சங்கமே பேசிக்கொள்ளலாம். பணத்தை ஒருவர் கையிலும் கணக்கை வேறொருவர் கையிலும் வைப்பது நல்லது. இப்படிச் செய்யாமல் இரண்டாம் லாரி வருவதற்குள் குலைந்துபோன கூட்டு முயற்சிகள் உண்டு.

300 கட்டு அடுக்கச் சுமார் 45 கனமீட்டர் இடம் வேண்டும்; மூன்று மீட்டர் உயரம் அடுக்கினால் 15 சதுர மீட்டர் தரை போதும். தரையில் நேரே அடுக்காமல் கல்லோ மரக்கட்டையோ பரப்பி அதன்மேல் அடுக்க வேண்டும். மேலே தார்ப்பாயைச் சரிவாகக் கட்டிப் பக்கங்களைக் காற்றோட்டத்திற்கு விட வேண்டும். ஈரக் கட்டை அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் மாட்டிற்கும் பாலுக்கும் கேடு. எவ்வளவு மலிவானாலும் அதைத் தள்ளிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் இந்த ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு செலவழித்துக் கொண்டுவரும் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாதபடி மூடி 21 நாள் வைத்தால் அது ஏழெட்டுப் பங்காக உயரும். மானிய விலை யூரியாவானால் நாலு கிலோவுக்கு முப்பது ரூபாயும் ஆகாது. அதே நூறு கிலோவின் சத்தத்திற்கு, நம் உதாரணப்படி, நானூறு ரூபாய் ஆகிவிட்டது. எனவே தூரத்திலிருந்து வாங்குபவருக்கே இம்முறையால் பயன் அதிகம். எடுத்ததும் போடாமல் சற்று நேரம் காற்றாட விட்டுப் போட வேண்டும். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்குக் கொடுக்கலாகாது. யூரியாக் கரைசலை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாளியை எட்டாத இடத்தில் வையுங்கள். ஐயமுள்ளவர்கள் கால்நடை மருந்தகத்திலோ, நமக்கு அண்மையில் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டறியலாம்.

பசும்புல்லைத் தூரத்திலிருந்து வரவழைப்பதைப் பற்றிச் சிலர் வினவுகின்றனர். கம்பு நேப்பியர் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதை லாரியில் ஏற்றுவது தண்ணீருக்குச் சத்தம் கொடுப்பதுதான். கிணற்றடியிலோ வரப்போரத்திலோ சில சென்ட் நிலம் இருந்தால் அங்கே வளர்ப்பதே முறை.

ஈரத்தை அறிய இயந்திரம் வேண்டியதில்லை. கட்டின் நடுவிலிருந்து ஒரு கிலோ வைக்கோலை உருவி எடுத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் பரப்பி மீண்டும் நிறுக்க வேண்டும். பத்துப் பங்கு ஈரம் அதிலும் எஞ்சி நிற்கும். ஆயினும் இரண்டு வியாபாரிகளின் சரக்கை ஒப்பிட இது போதும். பேரம் பேசப் போகும்போது ஒரு தொங்கு தராசையும் உடன் எடுத்துச் சென்று, லாரியின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் பத்துக் கட்டுகளை இறக்கி நிறுத்துச் சராசரி பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.