ரவா தோசையும் ஒரு நீல ஸ்கைலைனும்

நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 காரின் நீளம் 4,600 மி.மீ. ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்து டாமியா நிறுவனம் அதை 24-இல் ஒரு பங்காகச் சுருக்கி, நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல் கிட்டாக விற்கிறது. கட்டி முடித்தால் 19 செ.மீ. சொச்சம் வரும். நிஜ வண்டியில் கதவைச் சுற்றி 4, 5 மி.மீ. இடைவெளி இருக்கும், மாடலில் அது 0.2 மி.மீ. கோடு. இப்போது பெயின்டைப் பாருங்கள். தொழிற்சாலையில் கார் மேல் ஏறும் பூச்செல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். அதே கனத்தை மாடலில் ஏற்றினால், நிஜக் காரில் 2.4 மி.மீ. பெயின்டை அப்பிய கணக்கு. கதவுக் கோடு தூர்ந்துபோகும். நிறம் கொஞ்சம் மாறினாலும் கண் பொறுத்துக்கொள்ளும், கனம் கூடினால் பொறுக்காது. பார்த்ததும் பொம்மை என்று சொல்லிவிடும்.

ஆக, பூச்சு மெல்லிசாகவும் இருக்க வேண்டும், முகம் தெரியப் பளபளக்கவும் வேண்டும். இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும் என்பதை ரவா தோசை ஊற்றுகிறவர்களிடம் கேட்கலாம்.

சாதா தோசையைக் கரண்டியால் தேய்க்கிறோம். ரவா தோசையைத் தொடுவதே இல்லை. நீர்க்கக் கரைத்த மாவை உயரத்திலிருந்து வீசி ஊற்றுகிறோம், துளிகள் தாமாக ஓடிச் சேருகின்றன. ஸ்ப்ரே பெயின்டும் இதே வேலைதான். கேனிலிருந்து வருவது துளிகள். பாடி மேல் விழுந்த துளி, அதிலுள்ள தின்னர் ஆவியாவதற்குள் பக்கத்துத் துளியோடு கலந்து சமமாக வேண்டும். மாவு கெட்டியாக இருந்து கல்லும் அதிகமாகக் காய்ந்திருந்தால் மாவு விழுந்த இடத்திலேயே இறுகிவிடும் அல்லவா? கேனை ரொம்பத் தள்ளிப் பிடித்தால் அதுதான் நடக்கிறது: துளி காற்றிலேயே பாதி காய்ந்து, சொரசொரவென்று படிகிறது. கிட்டே பிடித்தால் தேங்கி வழியும். 20 செ.மீ. தூரம் சரியாக இருக்கும். கேனைச் சற்று நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் அழுத்தம் ஏறித் துளி பொடிசாகும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் மாஸ்க் போட்டுக்கொண்டு அடிக்க வேண்டும்.

முதல் கோட்டிங் ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும். ஒரே வீச்சில் மூடப் பார்த்தால் கனம் ஏறிவிடும். தோசையில் ஓட்டை அழகு. இங்கே அடுத்தடுத்த கோட்டிங்குகள் அந்த ஓட்டைகளை நிரப்புகின்றன.

கல்லில் எண்ணெய் மிதந்தால் மாவு பிடிக்காமல் நழுவும். கிட்டின் பாகங்களிலும், அச்சிலிருந்து சுலபமாகக் கழல்வதற்காகத் தடவிய பிசுக்கு ஒட்டியிருக்கலாம். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத்பிரஷும் போதும். அதற்கு முன்பே அச்சுப் பாதிகள் கூடிய இடத்து மெல்லிய வரம்பை உப்புத்தாளால் எடுத்துவிட்டு, கதவுக் கோடுகளை ஊசிமுனையால் இழுத்து இன்னும் ஆழமாக்கிவிட வேண்டும். அடிப்பூச்சான பிரைமரும் நிறமும் ஏறிய பிறகும் கோடு கோடாக நிற்பதற்கு இந்தச் சலிப்பான வேலைதான் காரணம். இதைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம்.

ஒரு வகைப் பெயின்ட் மேல் இன்னொரு வகையைப் பூசுவதானால் வரிசை முக்கியம். லாக்கர் மேல் எனாமல் பூசலாம். காய்ந்த எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அதன் வீரியமான தின்னர் கீழ்ப்பூச்சைக் கரைத்துச் சுருக்கிவிடும்.

கடைசியாக கிளியர் கோட். அது காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது, ரேகை பதிந்துவிடும். பாடியை மூக்கருகே பிடியுங்கள். பெயின்ட் வாடை வந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வாடை நின்றதும் 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, காம்பவுண்டால் மெருகேற்றலாம். ஓர் எச்சரிக்கை: ஈரப் பெயின்ட் கூரான விளிம்பில் நிற்காமல் இருபுறமும் விலகிப்போகும். அதனால் பானெட் ஓரம், சக்கர வளைவு, பின் விங்கின் முனை ஆகிய இடங்களில்தான் பூச்சு மிக மெல்லிசு. அங்கே இரண்டு தேய்ப்பு கூடினால் பிரைமர் வெளியே தெரியும். மாஸ்கிங் டேப்பால் விளிம்புகளை மூடிக்கொண்டு மெருகேற்றுவது நல்லது.

ஜன்னல் கண்ணாடிகளை ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி படிந்து தெளிந்த பிளாஸ்டிக் வெள்ளை வெள்ளையாக மங்கிவிடும். மரத்துக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் ஒரு சொட்டைப் பல்குத்தியால் தொட்டு வைத்தால் போதும், காய்ந்ததும் நிறம் தெரியாது.