வேகப்பந்துவீச்சும் முதுகெலும்பு விரிசலும்

ஓடுதல், தாவுதல், எறிதல் போன்ற அசைவுகளின்போது எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றின் மீது எவ்வளவு விசை, எந்தத் திசையில் செயல்படுகிறது என்பதை ஆராயும் துறை உயிரி இயக்கவியல் ஆகும். விளையாட்டில் இதன் தேவையை வேகப்பந்துவீச்சைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை எனலாம். பந்துக்கு வேகம் தரும் அசைவே முதுகையும் கெடுக்கிறது.

வலக்கைப் பந்துவீச்சாளர் பந்தை விடுவதற்குச் சற்று முன் இடது காலை ஊன்றுகிறார். அப்போது தரை திருப்பித் தரும் விசை அவருடைய உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் செல்லக்கூடும். முழங்கால் மடங்காமல் நின்றால் ஓட்டத்தின் வேகம் தோளுக்கும் கைக்கும் மாறுகிறது. அதிர்வும் அதே காலின் வழியே இடுப்புக்கு ஏறுகிறது. அந்த நொடியில் உடல் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கியும் நிற்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து தாக்குவது கீழ்முதுகின் கடைசி முள்ளெலும்புகளின் பின்வளைவை. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல, அங்கே பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் விரிசல் விழுகிறது. இதுவே ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’. எலும்பு முற்றாத பதின்வயதினருக்கு ஆபத்து அதிகம்.

தோளும் இடுப்பும் ஒரே திசையில் இருந்தால், பக்கவாட்டுப் பாணியானாலும் நேர்முகப் பாணியானாலும், முறுக்கம் குறைவு. இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் திரும்பும் கலப்புப் பாணியே முதுகுக் காயத்துடன் அதிகம் தொடர்புபடுத்தப்படுகிறது.

சென்னையில் 1987இல் எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் தொடங்கியபோது பயிற்சிக்குத் தலைமையேற்ற டென்னிஸ் லில்லி இதைத் தன் உடம்பில் அறிந்தவர். 1973 மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் அவர் முதுகெலும்பில் விரிசல் கண்டறியப்பட்டது. உடற்கல்வி வல்லுநர் பிராங்க் பைக்கின் பயிற்சித் திட்டத்தால் உடலை வலுவாக்கி, 1974-75 ஆஷஸ் தொடரில் மீண்டும் வீசினார். ஸ்ரீநாத், ஜாகீர் கான் ஆகியோர் சென்னையில் அவரிடம் பயின்றவர்களே. இன்றைய மருத்துவ வசதிகளுக்கு நடுவிலும் பும்ராவுக்கு 2019இல் இதே காயம் ஏற்பட்டது. 2023இல் முதுகில் அறுவைச் சிகிச்சையும் தேவைப்பட்டது.

பாணி மட்டுமே காரணமன்று. எத்தனை பந்து வீசுகிறோம் என்பதும் முக்கியம். பெரம்பலூர் மாவட்டத்துப் பாடாலூர் போன்ற ஊர்களில் பிள்ளைகள் பெரும்பாலும் டென்னிஸ் பந்தில் ஒன்றிரண்டு ஓவர் வீசிப் பழகுகின்றனர். மாவட்ட அணித் தேர்வு வந்ததும் 156 கிராமுக்குக் குறையாத தோல்பந்தில் வலையில் தினமும் வீசத் தொடங்குகின்றனர். எடையைவிட இந்தத் திடீர்ப் பெருக்கமே கவலைக்குரியது. வாரத்துக்கு வாரம் பந்துகளைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், இடையே ஓய்வு நாள் விடுவதும், வயிறு, இடுப்பு, தொடைத் தசைகளை வலுவாக்குவதும் செலவில்லாத தற்காப்பு. வலைப்பயிற்சியில் வீசும் பந்துகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் விடுவது அதைத்தான்.

கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலித்து, பின்னால் வளையும்போது அது கூடினால் பந்துவீச்சை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடக்கநிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் தெரியும்.