காரின் கண்ணில் நீர் கோத்தால்...

மனிதனுக்குக் கண் எப்படியோ, மோட்டாருக்கு முன் விளக்கு அப்படி. கண்ணில் நீர் கோத்தால் பார்வை மங்குகிறது அல்லவா? விளக்குக்குள் நீர் கோத்தாலும் அதே கதைதான். வெளிச்சம் பாதையில் விழாமல் நாலா பக்கமும் சிதறிவிடும். ஓட்டுகிறவருக்குப் பள்ளம் தெரியாது. சாலை ஓரமாக நடந்து போகிறவரும் தெரிய மாட்டார். எதிரே வருகிறவருக்கோ கண் கூசும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. "உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, புது விளக்குதான் போட வேண்டும்" என்று சிலர் சொல்லி விடுவார்கள். அதைக் கேட்டு, பழைய விளக்காவது கிடைக்காதா என்று புதுப்பேட்டைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. "கண்ட ஓட்டையையெல்லாம் பசை போட்டு அடைத்து விடுங்கள்" என்பது வேறு சிலரின் யோசனை. இரண்டுமே அவசர முடிவுகள். உள்ளே இருப்பது வெறும் பனிமூட்டமா, ஒழுகி வந்த தண்ணீரா? முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

விளக்கும் மூச்சு விடும்!

பழைய காலத்து விளக்குகளில் இந்தத் தகராறு குறைவு. 1940-ம் ஆண்டில் அமெரிக்கக் கார்களுக்கு 'சீல்டு பீம்' என்ற வட்ட விளக்கு வந்தது. முகப்புக் கண்ணாடி, ஒளியைத் திருப்பும் ரிப்ளெக்டர், எரியும் இழை எல்லாம் சேர்ந்து ஒரே கூடு. உள்ளே காற்றுப் போகவும் வழி கிடையாது. ஆனால் இழை அறுந்தால் விளக்கையே தூக்கி எறிய வேண்டும். பல்பை மட்டும் மாற்றக்கூடிய விளக்குகள் ஐரோப்பாவில் முன்பே இருந்தன. அமெரிக்க அரசாங்கம் அவற்றுக்கு 1983-ல் அனுமதி கொடுத்தது.

இன்றைய கார்களில் விளக்கின் முகப்பு, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பின்புறக் கூடு வேறு ஒரு பிளாஸ்டிக். இரண்டையும் பசை போட்டு இணைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டில் வேண்டுமென்றே சிறு துவாரங்களும் வைத்திருக்கிறார்கள். ஏன்?

விளக்கு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. துவாரத்தின் வழியே வெளியேறுகிறது. அணைத்ததும் காற்று சுருங்குகிறது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. மூச்சு விடுவது போலத்தான். மழைக்காலத்தில் இப்படி உள்ளே போகும் காற்றில் ஈரம் மிகுதி. அது குளிர்ந்த முகப்பில் பட்டதும் பனியாகப் படிகிறது. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறத்தில் நீர் துளிர்க்கிறதே, அதே விஷயம்தான்.

இதைக் கண்டு பயப்பட வேண்டாம். விளக்கை எரியவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் மறைந்துவிடும். எல்.இ.டி. விளக்குகளில் முகப்புப் பக்கம் சூடு குறைவு. மறையச் சற்று அதிக நேரம் பிடிக்கும். ஆனால் மூச்சுத் துவாரத்தை அடைத்து விட்டால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் போய்விடும்.

கால் சொட்டுக் கணக்கு

ஒழுகிய தண்ணீரை எப்படி அடையாளம் கண்டு கொள்வது? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் போதும்.

30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 30 மில்லிகிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 17 மில்லிகிராம்தான் தாங்கும். மீதி 13 மில்லிகிராம் நீராக மாறிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரோ ஏறத்தாழ 50 மில்லிகிராம். ஆக, ஒரு லிட்டர் காற்றிலிருந்து கிடைப்பது கால் சொட்டுத்தான்!

ஒரே இரவு மழையில் விளக்கின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கி, வண்டி குலுங்கும்போது அதுவும் குலுங்கினால், எங்கோ ஒழுகுகிறது என்று தீர்மானித்துக் கொள்ளலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களின் கதை வேறு. விளக்கு மட்டத்துக்குத் தண்ணீர் ஏறினால், மூச்சுத் துவாரத்தின் வழியாகவே அது உள்ளே போய்விடும். ஒட்டு விட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

ஓட்டை எங்கே?

முதலில் விளக்கின் பின்புறத்தைப் பாருங்கள். பல்பு மாற்றியவர் ரப்பர் மூடியைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருக்கலாம். துவாரத்தின் மேல் இருந்த சிறு மூடி விழுந்திருக்கலாம். முகப்பில் மயிரிழை போல விரிசல் இருக்கலாம். மூடிக் கோளாறுதான் என்றால் அதிகச் செலவில்லாமல் முடிந்துவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், பசை விட்டிருக்கிறதா என்று பரீட்சை செய்ய வேண்டும். விளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து உலர்த்துங்கள். ஒரு துவாரத்தைத் தவிர மற்றவற்றை டேப் ஒட்டி மூடுங்கள். இணைப்பைச் சுற்றிச் சோப்பு நுரையைத் தடவி, அந்த ஒரு துவாரத்தின் வழியாக மெதுவாக ஊதுங்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போல, குமிழி கிளம்பும் இடத்தில் ஓட்டை இருக்கிறது.

மறுபடி ஒட்டும் முறை

பல விளக்குகளில் போட்டிருப்பது பியூட்டைல் ரப்பர் பசை. சூடு காட்டினால் இது இளகும். சில விளக்குகளில் சூட்டுக்கு இளகாத பசை இருக்கும். அவற்றைத் திறக்க முயன்றால் உடைந்துதான் போகும். எந்தப் பசை என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

பல்பு, ஆணி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றிய பின், விளக்கைச் சுமார் 100 டிகிரி சூட்டில் சில நிமிஷம் வைத்து, பசை இளகியதும் முகப்பைச் சிறிது சிறிதாகப் பிரித்தெடுக்கிறார்கள். பாலிகார்பனேட் 147 டிகிரி அளவில் இளகத் தொடங்கிவிடும். ஆகவே சூடு மிஞ்சக் கூடாது. பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்து, பள்ளத்தைச் சுத்தம் செய்து, புதிய பியூட்டைல் பசையைக் கயிறு போல இடைவெளியில்லாமல் சுற்றிப் பதிக்க வேண்டும். தொடங்கிய இடத்தின் மேல் சற்று ஏற்றி முடிப்பது அவசியம். மீண்டும் சூடாக்கி, முகப்பை அழுத்திப் பொருத்தி, கிளிப் போட்டு ஆறவிட வேண்டும். பிறகு மறுபடியும் சோப்பு நுரைப் பரீட்சை.

இதில் மூன்று ஜாக்கிரதைகள் உண்டு. ரிப்ளெக்டரின் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. துணியால் தேய்த்தால் கீறிவிடும். காடி வாசனை அடிக்கும் சிலிக்கோன் பசையை உபயோகிக்கக் கூடாது. அதிலிருந்து கிளம்பும் அமிலம் அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். செனான் விளக்காக இருந்தால் நீங்களே தொட வேண்டாம். அதைப் பற்றவைக்கச் சுமார் 20,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. விஷயம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

விளக்கைத் திரும்ப மாட்டியதும் ஒளி விழும் உயரத்தைச் சரிபார்க்க மறந்துவிடாதீர்கள். கொஞ்சம் மேலே தூக்கியிருந்தாலும் எதிரே வருகிறவருக்கு அபாயம்.

அடுத்த மழைக்கு, புரட்டாசியிலேயே ஒரு நாள் விளக்கின் பின்மூடிகளைத் தொட்டுப் பார்த்து வையுங்கள். பல வண்டிகளில் இது ஐந்து நிமிஷ வேலை. பட்டறைக்கு அலைகிற அலைச்சல் மிச்சம். கொட்டும் மழை இரவில் பாதையும் தெளிவாகத் தெரியும்.