பளபளப்புக்கு முன் சுத்தம்

வல்வெட்டித்துறைக்கு வியாபாரமாகப் போய் இரவில் வேனைக் கடலோரம் நிறுத்தினால், காலையில் கண்ணாடியில் விரலால் இழுத்துப் பாருங்கள். உப்பு ஒட்டும். அதே உப்பும் மணலும் பெயின்டிலும் படிந்திருக்கும். அதன்மேல் பொலிஷ் போட்டுத் தேய்ப்பது மண் கடதாசியால் தேய்ப்பதற்குச் சமம். நானும் ஒருமுறை அவசரப்பட்டு, பொனட் நிறைய வட்டக் கீறல்களைத் தேடிக்கொண்டேன்.

முறை இதுதான். வாகனத்தை நிழலில் ஆறவிட்டு, நிறையத் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள். ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. ஈரம் துடைத்தபின் விரல்களில் மெல்லிய பொலித்தீன் பையைப் போட்டுத் தடவுங்கள். சொரசொரத்தால், அதற்குரிய வழுக்குத் திரவம் தெளித்துக் கிளே கட்டியை மெதுவாக ஓட்டுங்கள். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள். ஒட்டிய மணல் கீறிவிடும். பொலிஷுக்குப் பிறகு சீலன்ட் பூசுவதானால், எண்ணெய்ப் பசையையும் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சீலன்ட் பிடிக்காது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வாகனங்களின் விலை ஏறியதைக் கண்டோம். 2025இல் இறக்குமதி திறந்தும் வரி குறைவாக இல்லை. கையிலுள்ள வேனும் நமது முதல்தான். அரை நாள் பொறுமை, விற்கும் நாளில் விலையாகத் திரும்பும்.