நண்பரோடு ஸ்பெயினுக்குப் படிக்கப் போகலாமா?

நாமக்கல், ராசிபுரம் பக்கம் பிள்ளையை விடுதியில் விட்டுப் படிக்கவைப்பது புதிதல்ல. மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து பெற்றோர் பெட்டியும் வாளியுமாக இங்கே வந்து பிள்ளைகளைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஓட்டும் குடும்பங்களில், அப்பா மத்தியப் பிரதேசத்திலோ ராஜஸ்தானிலோ மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பது சாதாரணச் செய்தி. வீட்டைவிட்டுத் தூரமாக இருப்பதற்கு அஞ்சாத ஊர்கள் இவை. வெளிநாட்டுப் படிப்பு என்றால் ஜெர்மனி, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் என்று சட்டென்று பெயர்கள் வருகின்றன. ஸ்பெயின் அந்த வரிசையில் இன்னும் பின்னால்தான் நிற்கிறது.

முன்னால் வருவதற்கான காரணங்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. 2024 ஜனவரி இறுதியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் முதலீடு தேடி மாட்ரிட் போனார். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பெயின் பிரதமர் பெட்ரோ சான்செஸ் வதோதரா வந்தார்; 2026ஆம் ஆண்டை இரு நாடுகளும் கலாசாரம், சுற்றுலா, செயற்கை நுண்ணறிவுக்கான ஆண்டாகக் கொண்டாடுவது என்று அப்போது முடிவானது. குளியலறைச் சாதனங்கள் செய்யும் ஸ்பெயின் நிறுவனமான ரோக்காவுக்கு நம் பக்கத்துப் பெருந்துறையிலேயே ஆலை இருக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்டா” என்று பேசத் தொடங்கும் நண்பர்களுக்காகவும், “அவங்க பையன் போனா நீயும் போ” என்று சொல்லும் வீடுகளுக்காகவும் இந்த விவரங்கள்.

முதலில் பட்டம் எது என்று பாருங்கள்

ஸ்பெயினில் முதுகலை என்ற பெயரில் இரண்டு வகைப் படிப்புகள் விற்பனைக்கு உண்டு. விற்பனை என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். ஒன்று, அரசு அங்கீகரித்த மாஸ்டர் ஒஃபிசியால். இது ஐரோப்பா முழுவதும் செல்லும். இதை முடித்தவர் முனைவர் படிப்புக்குப் போகலாம். இன்னொன்று, பல்கலைக்கழகமோ தனியார் கல்வி நிறுவனமோ தன் பொறுப்பில் தரும் ‘டிட்டுலோ புரோபியோ’ எனப்படும் சொந்தப் பட்டம். சில துறைகளில் இதற்கும் வேலைச் சந்தையில் மதிப்பு இருக்கலாம். ஆனால் அரசுப் பட்டத்துக்கு உள்ள சட்டத் தகுதி இதற்குக் கிடையாது. நாளை இந்தியாவில் உதவிப் பேராசிரியர் வேலைக்கோ அரசுத் தேர்வுக்கோ சமநிலைச் சான்று கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். கல்வி ஆலோசகர் தரும் வழவழப்பான கையேட்டில் இந்த வேறுபாடு பெரும்பாலும் சின்ன எழுத்தில்கூட இருக்காது. “இது ஒஃபிசியாலா?” என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கட்டணத்தை அந்தந்தத் தன்னாட்சி மாகாணம் நிர்ணயிக்கிறது. கிரனாடா, செவில்லே, கோர்டோபா நகரங்கள் உள்ள ஆந்தலூசியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு. மாட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் கூடுதலாக வாங்கும் வழக்கம் உண்டு. ஒரே பாடம், ஒரே அளவு கிரெடிட். ஊர் மாறினால் தொகை பல மடங்கு மாறும்.

மொழி அடுத்த கேள்வி. ஆங்கிலவழிப் படிப்புகள் இருக்கின்றன. ஸ்பானிய மொழியில் நடக்கும் வகுப்புக்குப் பொதுவாக பி-2 நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். பார்சிலோனாவில் கத்தலான் மொழியிலும் பாடம் நடக்கும். அங்கே அது வீட்டு மொழி, பள்ளி மொழி, ஆட்சி மொழி, அரசியல். தாய்மொழி உணர்வு என்றால் என்னவென்று தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் படிவம் நிரப்புவதற்கு முன்னால் பயிற்றுமொழி எது என்று பார்த்துவிடுவது நல்லது.

பணமும் தாளும்

விசாவுக்கு, மாதம் 600 யூரோ வீதம் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். இப்ரெம் எனப்படும் அரசு அளவுகோல் அது. 2023 முதல் 2025 வரை மாறவில்லை. ஓர் ஆண்டுக்கு 7,200 யூரோ. நம் பணத்தில் 7 லட்சம் ரூபாய்க்கு மேல். கல்விக் கட்டணம் இதில் சேராது. பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சம் ரூபாய் வரையான கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் வீட்டுப் பத்திரமோ பண்ணை நிலத்தின் பத்திரமோ வங்கிக்குப் போகும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் அண்ணல் அம்பேத்கர் பெயரில் தமிழ்நாடு அரசு நடத்தும் அயலக உயர்கல்வித் திட்டத்தையும், ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகையையும் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலானது எராஸ்மஸ் முண்டுஸ். கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ உதவித்தொகை, குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு. ஸ்பெயின் பல்கலைக்கழகங்கள் பல இதில் பங்கேற்கின்றன. ஆண்டுதோறும் இந்திய மாணவர்கள் நல்ல எண்ணிக்கையில் வெல்லும் போட்டி இது.

6 மாதத்துக்கு மேல் தங்குபவருக்குக் காவல்துறைச் சான்றும் மருத்துவச் சான்றும் தேவை. பட்டச் சான்றுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். இந்தியா 2005இலிருந்து அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. பிறகு ஸ்பானிய மொழிபெயர்ப்பு. போய் இறங்கிய ஒரு மாதத்துக்குள் டி.ஐ.இ. எனப்படும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் குடியிருக்கும் முகவரியை நகராட்சியில் பதிந்துகொள்வது வழக்கம். உயர்கல்வி மாணவர்கள் படிப்பு கெடாமல் வாரம் 30 மணி நேரம் வரை வேலை செய்யலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக வேலை காத்திருக்கிறது என்று நினைக்கக் கூடாது. இளைஞர் வேலையின்மையில் ஸ்பெயின் ஐரோப்பாவின் மோசமான நாடுகளில் ஒன்று. பகுதிநேரச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள்.

நட்பும் வாடகை ஒப்பந்தமும்

நண்பரோடு போவதில் உள்ள நன்மை தெளிவானது. அறை வாடகை பாதி, குழம்பு வைக்கும் வேலை பாதி, காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துத்தர ஆள். ஆனால் விசா தனித்தனி. ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மறுக்கப்படலாம். அப்போதும் போவதா வேண்டாமா என்பதை இரண்டு வீட்டாரும் ஊரிலேயே உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும். விமான டிக்கெட் போட்ட பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

வீடு எடுக்கும்போது ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். கூட்டாகக் கையெழுத்திட்டபின் ஒருவர் நடுவில் கிளம்பிவிட்டால் முழு வாடகையும் மற்றவர் தலையில் விழக்கூடும். அதையும் முன்பே எழுதிவையுங்கள். முன்பணம் சட்டப்படி ஒரு மாத வாடகை. வீட்டைப் பார்க்காமல் இந்தியாவிலிருந்தே பணம் அனுப்பச் சொல்பவரை நம்ப வேண்டாம். வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைத்து நடக்கும் பழைய மோசடி அது.

இன்னொன்றும் உண்டு. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே அறை, ஒரே அடுப்பு என்று இருந்தால் ஆண்டு முடியும்போது தமிழ் இன்னும் நன்றாக வளர்ந்திருக்கும், ஸ்பானிய மொழி கடைக்காரரிடம் விலை கேட்கும் அளவிலேயே நின்றிருக்கும். ஒரே ஊர், வேறு வேறு வகுப்பு, வீட்டில் மூன்றாவதாக ஓர் உள்ளூர் மாணவர். இதுவே நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து.

சாப்பாட்டைப் பற்றி வீட்டில் கவலைப்படுவார்கள். கொண்டைக்கடலையும் பருப்பும் அங்கே அன்றாட உணவு. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் செய்யும் தோர்த்தியா எந்தக் கடையிலும் கிடைக்கும். முட்டை மாவட்டமான நாமக்கல்லின் பிள்ளை பட்டினி கிடக்க வழியில்லை. சுத்த சைவருக்குத்தான் சங்கடம். கீரை, பருப்புச் சாற்றில்கூடப் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். மாட்ரிட்டில் லவாபியெஸ், பார்சிலோனாவில் ரவால் பகுதிகளில் தெற்காசிய மளிகைக் கடைகள் உண்டு.

ஒரு நாள் பயணம்

ஸ்பெயினில் படிப்பவருக்கு உள்ள பெரிய வசதி ரயில். மாட்ரிட்டிலிருந்து டொலேடோ சேலம்–ஈரோடு தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதிவேக ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அறை வாடகைச் செலவில்லை. 1561இல் இரண்டாம் பிலிப் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றும்வரை ராஜ்யத்தின் முக்கிய நகரமாக இருந்தது டொலேடோ. மூன்று பக்கமும் தாஹோ ஆறு வளைந்தோட, மேட்டில் நிற்கும் ஊர். அதன் வாள்கள் உலகப் புகழ் பெற்றவை. கஞ்சமலையின் இரும்புத் தாதைப் பற்றிக் கேட்டு வளர்ந்த சேலத்துப் பிள்ளைக்கு அந்த ஆயுதக் கடைகளில் வேறொரு ஆர்வம் பிறக்கும். 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியது சேலத்துத் தாதை நம்பித்தான்.

செகோவியாவுக்கும் அரை மணி நேரம். சுண்ணாம்புக் காரை இல்லாமல் கருங்கல்லை அடுக்கி ரோமானியர் எழுப்பிய நீர்ப்பாலம் 28 மீட்டர் உயரத்தில் ஊர் நடுவே நிற்கிறது. அதிவேக ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். செர்வான்டிஸ் பிறந்த அல்கலாவுக்குப் புறநகர் ரயிலே போதும். 26 வயது நிரம்பாதவர்களுக்கு மாட்ரிட் போக்குவரத்துத் துறை தரும் மாதப் பாஸ் மிக மலிவு. வந்த வாரமே வாங்கிவிடுங்கள். 18 முதல் 25 வயதுள்ள மாணவர்களுக்குப் பிராடோ அருங்காட்சியகத்தில் கட்டணமில்லை. பார்சிலோனாவில் இருப்பவருக்கு மொன்செராட் மலையும் ஜிரோனாவும் தரகோனாவும் ஒரே நாளில் போய்வரக்கூடியவை. செவில்லேயிலிருந்து கோர்டோபா முக்கால் மணி நேரம். கிரனாடாவின் அலம்ப்ரா கோட்டைக்கு மட்டும் முன்கூட்டியே பெயரிட்டுச் சீட்டு வாங்க வேண்டும், கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள்.

எனக்குத் தேர்வு கொடுத்தால் வாலென்சியாவைச் சொல்வேன். நகரத்துக்குத் தெற்கே பத்து கிலோமீட்டரில் அல்புஃபெரா ஏரி. அதைச் சுற்றி நெல் வயல்கள். பயேயா என்ற சோறு இந்த மண்ணில் பிறந்தது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் கூடும் தண்ணீர் நீதிமன்றம். துரியா ஆற்றிலிருந்து பிரியும் 8 வாய்க்கால்களின் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த 8 பேர், கறுப்பு மேலங்கி அணிந்து வட்டமாக உட்காருவார்கள். முறை மீறித் தண்ணீர் திருப்பியவர், வாய்க்காலைத் தூர்வாராதவர் மீதான புகார்களை வாய்மொழியாகவே கேட்டு, அங்கேயே தீர்ப்பும் சொல்வார்கள். வக்கீல் கிடையாது. விசாரணை வாலென்சிய மொழியில். முஸ்லிம்கள் ஆண்ட காலத்துப் பாசன முறையிலிருந்து வந்தது என்கிறார்கள். இன்றும் தீர்ப்பு சட்டப்படி செல்லும். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. புகார் இல்லாத வாரங்களில் சில நிமிடங்களில் கலைந்துவிடும். சுற்றுலாப் பயணிகள் ஏமாந்து திரும்புவார்கள்.

ஜேடர்பாளையம் தடுப்பணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால், குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால் பாசனத்தில் வாழை, வெற்றிலை, நெல் வைத்திருக்கும் வீட்டிலிருந்து போகும் பிள்ளை அந்த வட்டத்தின் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வராத கோபம் எங்கும் ஒன்றுதான். அதைத் தீர்க்க அங்கே வாராவாரம் ஓர் இடமும் நேரமும் இருக்கிறது. இங்கே மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். வேளாண் பொறியியலோ நீர்வளமோ படிப்பவருக்கு இதைவிட நல்ல களப்பணி கிடைக்காது.

அதே வாலென்சியப் பகுதியில்தான் 2024 அக்டோபர் 29 வெள்ளம் 200 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. கைப்பேசியில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் பயணத்தை விட்டுவிடுங்கள். அவசர எண் 112.

எல்லை தாண்டும்போது கவனம். ஸ்பெயின் மாணவர் அட்டை கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். கப்பலில் ஒரு மணி நேரம் என்று மொராக்கோவின் டான்ஜியருக்குக் கிளம்பினால் அது ஷெங்கனுக்கு வெளியே. தனி விசா வேண்டும். அட்டை இன்னும் கைக்கு வராமல் விண்ணப்ப நிலையில் இருந்தால், திரும்பி நுழைவதற்கான அனுமதித் தாளைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். கூட வரும் நண்பரிடம் அட்டை இருக்கிறது என்பது உங்களுக்கு உதவாது. பார்சிலோனா மெட்ரோவிலும் லா ராம்ப்லா வீதியிலும் பிக்பாக்கெட் அதிகம்; அசல் கடவுச்சீட்டைத் தேவையில்லாமல் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகளில் பெரும்பாலானவை அக்டோபரில் விண்ணப்பம் திறந்து ஜனவரியை ஒட்டி மூடிவிடுகின்றன. வகுப்பு தொடங்குவது செப்டம்பரில். இறுதியாண்டில் இருப்பவர்கள் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காமல் அக்டோபரிலேயே விண்ணப்பியுங்கள்.