சைவமா, வீகனா? சரக்கு கொடுக்குமுன் கேட்க வேண்டியது



எங்களிடம் வழக்கமாகச் சரக்கெடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், வெளிநாட்டு விருந்தினர் வரும் கல்யாண வீட்டுக்கு "வீகன் பிஸ்கட்" வேண்டும் என்றார். "வெஜிடேரியன்தானே, பச்சைப் புள்ளி இருக்கிறது, எடுத்துப் போங்கள்" என்று நெய் பிஸ்கட் பெட்டிகளைக் கொடுத்தனுப்பினோம். மறுநாள் அத்தனையும் திரும்பி வந்தன. பிழை எங்களுடையது; சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். ஆனால் அவருக்கு அந்த வாடிக்கை போனது போனதுதான். அதன் பிறகே இந்தச் சொற்களை விசாரித்தோம்.

இங்கிலாந்தில் வெஜிடேரியன் சங்கம் 1847-இல் தொடங்கியது. அங்கே அந்தச் சொல்லுக்கு இறைச்சியும் மீனும் உண்ணாதவர் என்றே பொருள். பாலுக்கும் முட்டைக்கும் தடையில்லை. நம்மூரில் முட்டை சைவத்தில் சேராது. ஆகவே வெளிநாட்டுக்காரர் ஒருவர் "நான் வெஜிடேரியன்" என்று சொல்லிவிட்டு அரை டஜன் முட்டை கேட்டால் சிரிக்க வேண்டாம். பால் மட்டும் சேர்ப்பவரை லாக்டோ வெஜிடேரியன் என்றும், முட்டையும் சேர்ப்பவரை லாக்டோ ஓவோ வெஜிடேரியன் என்றும் பிரிப்பார்கள். மீன் மட்டும் உண்டு, மற்ற இறைச்சி வேண்டாம் என்பவர் பெஸ்கடேரியன்.

வீகன் என்ற சொல் 1944-இல் பிறந்தது. டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் சேர்த்து இதை உண்டாக்கினார்கள். பால், தயிர், நெய், வெண்ணெய், பால்கோவா, தேன் எதுவும் இவர்களுக்கு ஆகாது. தமிழில் சிலர் நனிசைவம் என்கிறார்கள்.

நாங்கள் சறுக்கியது பச்சைப் புள்ளியில்தான். நம் நாட்டுச் சட்டப்படி பாலும் தேனும் சேர்ந்த பண்டத்துக்கும் பச்சைப் புள்ளி உண்டு. முட்டை சேர்ந்தால் அசைவக் குறி. அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது; 2020-ஆம் ஆண்டு விதிகளில் அது பழுப்பு முக்கோணமாக மாறிற்று. வீகன் உணவுக்கென்று 2022-இல் தனி விதிகள் வந்தன. அதற்குரிய முத்திரையில் பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்தும் இலையும் இருக்கும். பச்சைப் புள்ளி வேறு, இந்த முத்திரை வேறு. முத்திரை இல்லாத பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்ப்பதே வழி. பால் பவுடர், மோர்ப்புரதம் போன்றவை பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். இப்போது எங்கள் கடைப் பையன்கள் "பால், நெய், தேன் ஆகுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியை இறக்குகிறார்கள்.

கால்நடைத் தீவனமும் விற்கிறவர்களுக்கு இன்னொரு வகைச் சொற்கள் உண்டு. மனிதர் விரும்பி மேற்கொள்வதால் வெஜிடேரியன். மாட்டை அப்படிச் சொல்வதில்லை, அதன் உடலமைப்பே அப்படி. புல், தழை தின்பது ஹெர்பிவோர், இறைச்சி தின்பது கார்னிவோர், எல்லாம் தின்பது ஆம்னிவோர். கிளிக்கும் புறாவுக்கும் தினை, கம்பு வாங்கிப் போகிறார்களே, தானியம் தின்னும் அத்தகைய பறவைகள் கிரானிவோர்.

கோழியைத் தானியம் தின்பது என்றே பலரும் நினைக்கிறோம். அது புழு பூச்சியையும் விடாது, ஆம்னிவோர்தான். கோழித் தீவனத்தில் மீன் தூள் சேர்ப்பது உண்டு. சைவக் குடும்பத்தார் வீட்டில் கோழி வளர்க்கக் கேட்டால் மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லிவிடுங்கள். பூனை முழுக் கார்னிவோர். டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு அதன் உடலால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. இறைச்சி, மீனிலிருந்தே கிடைக்க வேண்டும். நாய் சோறும் தின்று சமாளிக்கும், பூனைக்கு அது போதாது. ஆகவே பூனைக்குத் தயிர்ச்சாதமே போதுமா என்று கேட்கும் வாடிக்கையாளரிடம், விற்பனைக்காக அல்ல, உள்ளதைச் சொல்லுங்கள்.