கணினியை இயக்கியவுடன் விசைப்பலகை முடங்குவது ஏன்? புதியது வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கணினியின் திரை ஒளிர்ந்துவிட்டது. கடவுச்சொல் கேட்கும் பெட்டியும் தோன்றிவிட்டது. ஆனால், எந்த விசையை அழுத்தினாலும் எழுத்து விழவில்லை. அல்லது, ஓர் எழுத்து விழுவதற்கே சில விநாடிகள் ஆகின்றன. அலுவலகங்கள், பொதுச் சேவை மையங்கள், வீடுகள் என எங்கும் காணப்படும் இந்தக் கோளாறு, இணையவழி விண்ணப்பத்தின் கடைசி நாளில் நேரும்போது பயனரைத் திகைக்க வைத்துவிடுகிறது. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று கருதிப் பலர் புதிய ஒன்றை வாங்கிவிடுகின்றனர். மறுநாள் காலையில் புதிய விசைப்பலகையும் அதேபோல் முடங்கும்போதுதான், கோளாறு வேறெங்கோ இருப்பது தெரியவருகிறது.

அவசர வேலை இருப்பின், பழுதைத் தேடுவதற்கு முன் வேலையை முடித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. விண்டோஸ் உள்நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள 'அக்சஸிபிலிட்டி' குறியீட்டைச் சுட்டி மூலம் சொடுக்கினால், 'ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு' என்ற தெரிவு கிடைக்கும். திரையில் தோன்றும் அந்த விசைப்பலகையில் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் கடவுச்சொல்லை உள்ளிடலாம். வேகம் குறைவுதான் என்றாலும், விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க இதுவே போதும்.

அறிகுறிகள் கூறுவது என்ன?

தாமதம் எவ்வகையானது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் விளங்கிவிடும். அழுத்திய எழுத்துகள் சிறிது நேரம் கழித்து ஒரே மூச்சில் வந்து விழுந்தால், விசைப்பலகை நலமாகவே உள்ளது. கணினிதான் வேறு பணியில் மூழ்கியிருக்கிறது. இடையிடையே சில எழுத்துகள் மட்டும் விடுபட்டால், கம்பியில்லா விசைப்பலகையின் மின்கலத்தையோ அலைவரிசை இடையூறையோ சந்தேகிக்கலாம். எப்போதும் குறிப்பிட்ட சில விசைகள் மட்டும் இயங்காமல் இருந்தால், அது தூசி அல்லது திரவம் புகுந்ததால் நேர்ந்த பழுதாக இருக்கக்கூடும்.

ஒவ்வொரு விசையையும் ஓரிரு விநாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறது எனில், காரணம் பெரும்பாலும் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதியாகும். கை நடுக்கம் உள்ளவர்கள் தவறுதலாகத் தொடும் விசைகளைக் கணினி பொருட்படுத்தாமல் இருப்பதற்காக உருவாக்கப்பட்ட பயனுள்ள வசதி இது. வலப்புற ஷிஃப்ட் விசையை 8 விநாடிகள் தொடர்ந்து அழுத்தினால் இதனை இயக்குவதற்கான குறுக்குவழி செயல்படுகிறது. விசைப்பலகையின் மீது புத்தகத்தை வைப்பதாலோ, துணியால் துடைக்கும்போதோ பயனர் அறியாமலேயே இது இயங்கத் தொடங்கிவிடலாம். அதே விசையை மீண்டும் 8 விநாடிகள் அழுத்தினால் அணைந்துவிடும். செட்டிங்ஸ் பகுதியில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்ற வரிசையில் சென்றும் இதனை நிறுத்தலாம். குறுக்குவழியையும் அங்கேயே முடக்கிவிட்டால் மீண்டும் தொல்லை தராது.

இன்னொரு எளிய காரணமும் உண்டு. எண் விசைப்பகுதியில் 'பின்' எண்ணை உள்ளிடும் பழக்கமுள்ளவர்கள், நம் லாக் அணைந்திருப்பதைக் கவனிப்பதில்லை. அந்நிலையில் எண்கள் விழாது. சுட்டுக்குறி மட்டுமே நகரும்.

கேப்ஸ் லாக் விளக்குச் சோதனை

கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதன் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, செலவில்லாத நல்ல சோதனை. அந்த விளக்கைப் பொதுவாக விசைப்பலகை தானாக ஏற்றுவதில்லை. அழுத்தத்தைக் கணினி பெற்று, விளக்கை ஏற்றுமாறு திருப்பிக் கட்டளை அனுப்புகிறது. ஆகவே, விளக்கு எரிந்து அணைகிறது என்றால், விசைப்பலகைக்கும் கணினிக்கும் இடையிலான தொடர்பு சரியாகவே உள்ளது என்று பொருள். எரியவில்லை எனில், கம்பி, யுஎஸ்பி துளை, இயக்கி மென்பொருள் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

அடுத்த சோதனையும் எளிதே. கணினியை இயக்கியவுடன் எஃப்2, எஃப்10, டெலீட் போன்ற விசைகளில் ஒன்றை அழுத்தி, விண்டோஸ் தொடங்குவதற்கு முந்தைய பயாஸ் அமைப்புத் திரைக்குச் செல்லலாம். எந்த விசை என்பது தயாரிப்பு நிறுவனத்துக்கு ஏற்ப மாறுபடும். அங்கே அம்புக்குறி விசைகள் இயங்கி, விண்டோஸ் வந்தபின் மட்டும் விசைப்பலகை முடங்குமானால், பழுது வன்பொருளில் இருக்க வாய்ப்பு குறைவு. அத்திரையில் எதையும் மாற்றாமல், சேமிக்காமல் வெளியேறுவது நல்லது.

'ஷட் டவுன்' முழுமையானது அன்று

கணினியை அணைத்துவிட்டு மறுநாள் இயக்கும்போது மட்டும் விசைப்பலகை முடங்குகிறது. 'ரீஸ்டார்ட்' செய்தால் சரியாகிவிடுகிறது. இந்த வகைப் புகாருக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை.

2012-ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 8 பதிப்புடன் இந்த வசதி அறிமுகமானது. அணைக்கும் கட்டளையைப் பெற்றதும், பயனர் திறந்துள்ள செயலிகளை விண்டோஸ் மூடிவிடுகிறது. ஆனால், இயங்குதளத்தின் மையப் பகுதியையும் வன்பொருள் இயக்கிகளின் அப்போதைய நிலையையும் வட்டில் ஒரு கோப்பாக எழுதி வைத்துக்கொள்கிறது. மறுமுறை இயக்கும்போது அனைத்தையும் புதிதாகத் தொடங்காமல், அந்தக் கோப்பை நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. இதனால் கணினி விரைவாக எழுகிறது. அதேநேரத்தில், யுஎஸ்பி அல்லது விசைப்பலகை இயக்கி முந்தைய நாள் குழம்பிய நிலையில் இருந்திருந்தால், அந்தக் குழப்பமும் அப்படியே திரும்பி வருகிறது. 'ரீஸ்டார்ட்' செய்யும்போதோ அனைத்தும் முதலிலிருந்து தொடங்கப்படுகின்றன. அணைத்து இயக்குவதைவிட 'ரீஸ்டார்ட்' முழுமையானது என்பது பலருக்கும் வியப்பளிக்கக்கூடிய உண்மை.

இதனை நிறுத்த, கண்ட்ரோல் பேனலில் உள்ள பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, பவர் பட்டன்களின் செயலைத் தீர்மானிக்கும் இணைப்பைச் சொடுக்க வேண்டும். மங்கலாகத் தோன்றும் தெரிவுகளை மாற்ற அனுமதிக்கும் வரியைச் சொடுக்கியபின், 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதற்கு எதிரே உள்ள குறியை நீக்கிச் சேமித்தால் போதும். எஸ்எஸ்டி வட்டு உள்ள கணினிகளில் இதனால் கூடுதலாகும் நேரம் மிகச் சொற்பமே. ஆதலால், சிக்கல் உள்ளவர்கள் தயங்காமல் நிறுத்திவிடலாம்.

மின்சிக்கனமும் அலைவரிசையும்

மின்சக்தியைச் சேமிப்பதற்காக, பயன்பாட்டில் இல்லாத யுஎஸ்பி துளைகளை விண்டோஸ் தற்காலிகமாக உறங்க வைக்கிறது. சில கருவிகள் இந்த உறக்கத்திலிருந்து உடனே விழிப்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' என்பதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சேமிப்புக்காகக் கருவியை அணைக்க அனுமதிக்கும் குறியை நீக்குவது இதற்குத் தீர்வு. அதே டிவைஸ் மேனேஜரில் விசைப்பலகையைத் தேர்ந்து 'அன்இன்ஸ்டால்' செய்து, சுட்டி மூலம் கணினியை ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் அதன் இயக்கியை மீண்டும் தானாகவே நிறுவிக்கொள்ளும்.

கம்பியில்லா விசைப்பலகைகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. யுஎஸ்பி 3.0 கருவிகள் இதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்புகின்றன. எனவே, வெளிப்புற வன்வட்டுக்கு அடுத்த துளையில் விசைப்பலகையின் ஏற்பியைச் செருகினால் எழுத்துகள் விடுபடலாம். ஏற்பியைத் தொலைவில் உள்ள துளைக்கு மாற்றுவதோ, சிறிய நீட்டிப்புக் கம்பியில் செருகுவதோ பலன் தரும். புளூடூத் விசைப்பலகைகள் பல கணினிகளில் விண்டோஸ் தொடங்கிய பிறகே இணைகின்றன. பயாஸ் திரையில் அவை இயங்காவிட்டால் அதனைப் பழுதாகக் கொள்ள வேண்டியதில்லை.

இந்திய மொழிப் பயனர்களுக்கு

தமிழ், இந்தி, வங்காளம் உள்ளிட்ட மொழிகளில் தட்டச்சு செய்பவர்களுக்குக் கூடுதல் காரணங்கள் உள்ளன. உள்நுழைவுத் திரையில் மொழி அமைப்பு தமிழுக்கு மாறியிருந்தால், சரியான கடவுச்சொல்லும் தவறாகிவிடும். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றலாம். தனியாக நிறுவப்படும் தட்டச்சு மென்பொருள்கள் விசை அழுத்தங்களை இடைமறித்தே எழுத்துகளாக மாற்றுகின்றன. கணினி தொடங்கும்போது இத்தகைய இரு மென்பொருள்கள் சேர்ந்து இயங்கினால் மோதல் நேரலாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே உகந்தது.

உள்நுழைவு முடிந்தபின், ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் மட்டும் எழுத்து விழாமல் போவதும் உண்டு. மொழி உள்ளீட்டைக் கவனிக்கும் ஒரு சிறு நிரல் தொடங்காமல் விட்டதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி 'ரன்' பெட்டியைத் திறந்து, சி, டி, எஃப், எம், ஓ, என் ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியின்றி உள்ளிட்டு எண்டர் அழுத்தினால் அந்நிரல் இயங்கத் தொடங்கும்.

கணினியே மெதுவாக இருந்தால்

ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், வட்டின் பயன்பாடு எத்தனை சதவீதம் என்பது தெரியும். தொடங்கிய பல நிமிடங்களுக்கு அது 100 சதவீதத்திலேயே நின்றால், விசைப்பலகையைக் குறை சொல்வதில் பயனில்லை. தானாகத் தொடங்கும் தேவையற்ற செயலிகளை 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் நிறுத்தலாம். பழைய சுழலும் வன்வட்டுள்ள கணினியாயின், எஸ்எஸ்டி வட்டுக்கு மாறுவதே நிலையான தீர்வு.

மென்பொருள் புதுப்பிப்பும் சில வேளைகளில் காரணமாகிறது. 2025 அக்டோபர் 14 அன்று வெளியான விண்டோஸ் 11 புதுப்பிப்புக்குப் பின், கணினியை மீட்கும் 'ரெகவரி' திரையில் யுஎஸ்பி விசைப்பலகையும் சுட்டியும் இயங்காமல் போயின. வழக்கமான விண்டோஸில் அவை இயங்கியதால், மீட்புத் திரைக்குச் செல்ல நேர்ந்தவர்களே சிக்கலை உணர்ந்தனர். அதே மாதம் 20-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் திருத்தப் புதுப்பிப்பை வெளியிட்டது.

மடிக்கணினியின் விசைப்பலகைப் பகுதி மேடாக எழும்பியிருந்தாலோ, தொடுபலகை அழுந்த மறுத்தாலோ உள்ளிருக்கும் மின்கலம் வீங்கியிருக்கலாம். அந்நிலையில் அதனை அழுத்துவதும் மின்னேற்றம் செய்வதும் ஆபத்தானவை. உடனே அணைத்து, பழுதுநீக்கும் மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

உதவி எண்ணை இணையத்தில் தேடும்போதும் எச்சரிக்கை தேவை. வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் போலி எண்களைப் பரப்பி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் உள்ளன. தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ, கணினியுடன் வந்த கையேட்டிலோ உள்ள எண்ணையே அழைக்க வேண்டும். பணத்தை இழக்க நேரிட்டால், 1930 என்ற தேசிய உதவி எண்ணில் தாமதமின்றிப் புகார் அளிக்கலாம்.